முகூர்த்தம் தப்பாத துளை

சங்கந்துறையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்று யாராவது கேட்டால் நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவேன், அதையும் மீறிக் கையைப் பிடித்து உட்கார வைத்தால் சிவனணைஞ்சான் கதையைத்தான் சொல்வேன், ஏனென்றால் எங்கள் ஊரில் நடந்த ஒரே உருப்படியான காரியம் அவன் செய்ததுதான், அதையும் எங்கள் ஊர் தடுக்கத்தான் பார்த்தது. இப்படிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது. அவனுடைய வெற்றியைச் செப்புப்பட்டயத்தில் வெட்டிய அரண்மனை எழுத்தர் என் முப்பாட்டனுக்கு முப்பாட்டன், பொய்யை அத்தனை அழகான கையெழுத்தில் வெட்டியவர் வேறு எந்தச் சீமையிலும் இருந்திருக்க மாட்டார். அந்தப் பட்டயம் இன்னும் எங்கள் வீட்டு மரப்பெட்டியில் கிடக்கிறது.

அப்போது எங்களுக்கு ஒரு மகாராஜா இருந்தார். மகாராஜா என்றுதான் சொல்ல வேண்டும், வேறு மாதிரிச் சொன்ன நாக்கை அறுத்துவிடுவார்கள், ஆனால் அவருடைய ராஜ்யத்தின் இந்தக் கோடியில் கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்புகிறவன் அந்தக் கோடியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடலாம், நடுவில் ஒரு தூக்கமும் போடலாம். அந்த ராஜ்யத்தின் கடலில் ஒரு பறங்கிக் கப்பல் வந்து நங்கூரம் போட்டது. அது சுடவில்லை, சண்டைக்கு வரவில்லை, கரைக்கு ஓர் ஆளைக்கூட அனுப்பவில்லை, பாய்மரம் பழுதாகி நிற்கிறது என்று மீனவர்கள் சொன்னார்கள். ஆனால் அதன் மாலுமிகள் துவைத்த கால்சட்டைகளைக் கயிற்றில் வரிசையாகக் காயப்போட்டார்கள், அந்தக் கயிறு மகாராஜா காலையில் பல் விளக்கும் உப்பரிகைக்கு நேர் எதிரே இருந்தது. மூன்றாம் நாள் காலை, வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, மகாராஜா போர் அறிவித்தார்.

போர் செய்ய எங்களிடம் கப்பல் கிடையாது, இருந்த ஒரே பீரங்கிக்குள் அணில் குட்டி போட்டிருந்தது, படைத்தலைவரான தளவாயிடம் இருந்ததெல்லாம் மீசையும் அதற்கு எண்ணெய் போட ஓர் ஆளும்தான். ஆனால் கொம்பையா ஆசாரி இருந்தார். அவர் ஆயினிப் பலகைகளை வளைத்து, இரும்புப் பட்டை அடித்து, தண்ணீர் புகாமல் கீல் பூசி, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு பீப்பாய் செய்தார். உள்ளே உட்கார்ந்தவன் அடிப்பக்கத் தக்கையைத் திறந்து கொஞ்சம் தண்ணீரை விட்டால் அது முங்கும், கைப்பம்பால் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளினால் மிதக்கும், காலால் ஒரு சக்கரத்தை மிதித்தால் முன்னே போகும். திசை காட்டும் முள்ளின்மேல், மலைக்காட்டிலிருந்து கொண்டுவந்த, இருட்டில் பச்சையாக ஒளிரும் உளுத்த மரத்துண்டு ஒன்றை ஒட்டினார், விளக்கு வைத்தால் காற்றைத் தின்றுவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மேலே ஒரு துரப்பணம் வைத்தார். கப்பலுக்கு அடியில் போய் அதைத் திருகிக் கப்பலின் வயிற்றில் ஓட்டை போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும், உள்ளே இருக்கும் காற்று ஒன்றேகால் நாழிகைக்குக் காணும்.

இதற்குள் உட்கார ஆள் வேண்டும் என்றதும் படையில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்துவிட்டது. மிச்சப் பேரைத் தளவாய் ஒவ்வொருவராக அரண்மனைக் குலுக்கைக்குள், தானியம் கொட்டும் அந்த மண் குலுக்கைக்குள், இறக்கி மேலே மூடியைப் போட்டுச் சோதித்தார். வாளால் புலியை வெட்டியதாகச் சொல்லிக்கொண்டவன் நூறு எண்ணுவதற்குள் அம்மா என்று அலறினான், இன்னொருவன் உள்ளே இருந்தபடியே தன் பழைய திருட்டுகளையெல்லாம் ஒப்புக்கொண்டான், ஒருவன் குலுக்கையை உடைத்துக்கொண்டே வந்தான். சிவனணைஞ்சானை வேறொரு குலுக்கையில் இறக்கி மூடினார்கள், சத்தமே இல்லை, செத்துவிட்டானோ என்று திறந்து பார்த்தால் அவன் முழங்காலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

அவன் இருபது வருஷமாக அரண்மனையின் பின்வாசலைக் காத்தவன், அந்த வாசல் வழியாக இருபது வருஷத்தில் யாரும் வந்ததில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், ஒரே மகள் உலகம்மை, அவளை இரண்டு நாள் நடை மேற்கே நெடுங்கரிசலில் கட்டிக் கொடுத்திருந்தான். நல்ல குடும்பம், நல்ல மாப்பிள்ளை, ஆனால் அந்த ஊரில் இருந்த ஒரே கிணறு வற்றிப்போய்க் கிடந்தது, உலகம்மை தினமும் அரைக்காதம் நடந்து போய்ச் சேறு கலந்த ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவாள், அதை நினைத்தால் இவனுக்கு இங்கே சோறு இறங்காது. அதனால் என்னடா வேண்டும் என்று தளவாய் கேட்டபோது அவன் பொன்னும் கேட்கவில்லை, நிலமும் கேட்கவில்லை, நெடுங்கரிசல் கிணற்றைத் தண்ணீர் வரும்வரை ஆழமாக வெட்டித் தர வேண்டும் என்று மட்டும் கேட்டான். கிணறு என்ன கிணறு, ஏரியே வெட்டித் தருகிறேன் என்று தளவாய் மீசையைத் தொட்டுச் சத்தியம் செய்தார், பாவி மனுஷன் அதை நம்பிவிட்டான்.

எல்லாம் தயாரான பிறகுதான் எங்கள் ஊரின் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. அரண்மனையில் மரியாதைக்காரர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு, யார் எங்கே நிற்க வேண்டும், யார் எதிரே எதை நீட்டக் கூடாது என்று சொல்வதற்காகவே சோறு தின்றவர்கள். அவர்கள் பீப்பாயைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, மகாராஜா கரையில் மேடைமேல் நிற்கும்போது ஒரு குடிமகன் கீழே இருந்துகொண்டு கூரான இரும்பை மேல்நோக்கி நீட்டுவது ராஜ துரோகம் என்றார்கள். துரப்பணத்தைக் கழற்றி அடிப்பக்கம் மாட்டச் சொன்னார்கள். கப்பல் மேலே அல்லவா இருக்கும், துரப்பணம் கீழே இருந்தால் எதைத் துளைப்பது என்று கொம்பையா ஆசாரி கேட்டார். அது வீரனுடைய சாமர்த்தியம் என்று பதில் வந்தது. ஆசாரி மாட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்தது ஜோசியர். அவர் ஒரு நல்ல நேரம் குறித்தார், முற்பகல், வளர்பிறை, எதிரிக்கு அஷ்டமத்தில் சனி, அந்த நேரத்தில் துரப்பணம் திரும்பினால் எதிரி நாசம், ஒரு மூச்சு முந்தினாலும் பிந்தினாலும் நமக்கு நாசம். அதற்கென்று ஒரு மணல்குடுவையைப் பீப்பாய்க்குள் தொங்கவிட்டார்கள், மணல் தீர்ந்ததும் திருக வேண்டும், எங்கே இருந்தாலும் திருக வேண்டும், இது மகாராஜாவின் கட்டளை. சிவனணைஞ்சான் மூன்று தரம் திருப்பிச் சொல்லிக் காட்டினான்.

யாருக்கும் தெரியாமல் செய்ய வேண்டிய காரியத்துக்கு ஊர் முழுக்கத் தண்டோரா போட்டுக் கூட்டம் சேர்த்த ஒரே ராஜ்யம் நாங்கள்தான். கடற்கரையில் பந்தல் போட்டார்கள், நாகசுரம் வைத்தார்கள், சுண்டல் விற்றார்கள், பெண்கள் பட்டுக் கட்டிக்கொண்டு வந்தார்கள், மகாராஜா மேடையில் ஏறியதும் நூறு மேளங்கள் ஒன்றாக முழங்கின. பறங்கிக் கப்பலில் இருந்தவர்கள் இதையெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள், இரைச்சல் பொறுக்காமலோ என்னவோ நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு கூப்பிடு தூரம் தள்ளிப்போய் நின்றுகொண்டார்கள். அதற்குள் பீப்பாய் முங்கியிருந்தது. முங்கியவனுக்கு இதைப் போய்ச் சொல்ல யாராலும் முடியாது, சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

சிவனணைஞ்சான் மிதித்தான், பச்சை வெளிச்சத்தில் முள்ளைப் பார்த்து மிதித்தான், மூச்சை அளந்து விட்டு மிதித்தான், கப்பல் நிற்க வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்து மூடியில் பதித்திருந்த கண்ணாடித் துண்டு வழியாக மேலே பார்த்தால் அங்கே வெயில்தான் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பீப்பாய் தரை தட்டியது. மணல் தீர்ந்தது. அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, விளங்கி என்ன, இருபது வருஷம் யாரும் வராத வாசலைக் காத்தவனுக்குக் கட்டளையை மீறிப் பழக்கம் இல்லை. திருகினான். நுங்கில் விரல் போவதுபோலத் துரப்பணம் கடலின் தரைக்குள் போனது, போய்க்கொண்டே இருந்தது, பிறகு ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தது. வெளியே இழுத்தபோது அந்த இடத்தில் மணல் வட்டமாகச் சுற்றியது, தண்ணீர் மடக் மடக்கென்று கீழே இறங்கும் சத்தம் பலகை வழியாக அவன் உள்ளங்காலில் கேட்டது. கடலில் ஓட்டை விழுந்துவிட்டது.

கரையேறியதும் அவன் உள்ளதை உள்ளபடி சொன்னான்.

“துளை விழுந்துட்டு எசமான். ஆனா கப்பல்ல விழல, கடல்ல விழுந்துட்டு.”

முதல் வாக்கியம் முடிந்த உடனே தளவாய் கையைத் தூக்கிவிட்டார், மேளம் முழங்கிவிட்டது, இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டது பக்கத்தில் நின்ற கொம்பையா ஆசாரியும் என் முன்னோரான எழுத்தரும்தான். மறுநாள் பறங்கிக் கப்பல் பாய்மரத்தைச் சரிசெய்துகொண்டு தன் வழியே போய்ச் சேர்ந்தது. போதாதா எங்களுக்கு? எழுத்தர் உட்கார்ந்து பட்டயம் வெட்டினார், பறங்கிக் கப்பலின் அடிவயிற்றில் துளையிட்டு அதைக் கடலோடு கடலாகக் கரைத்த பாதாள சேனாபதி சிவனணைஞ்சான் என்று வெட்டினார், அந்தத் துளை மகாராஜாவின் புகழ்போல் என்றைக்கும் அடைபடாது என்றும் சேர்த்து வெட்டினார். சிவனணைஞ்சானுக்கு ஒரு பொன் கழல் கொடுத்தார்கள், அது அவன் காலுக்குச் சின்னது, தட்டித்தட்டி ஏற்றினார்கள், புண்ணாகிவிட்டது. கிணறு விஷயத்தை ஞாபகப்படுத்தியபோது, சேனாபதி பட்டம் வாங்கியவன் போயும் போயும் ஒரு கிணறு கேட்டான் என்று வெளியே தெரிந்தால் அரண்மனைக்குக் கேவலம் என்று தளவாய் சொல்லிவிட்டார். பீப்பாயை அரண்மனை முன்கூடத்தில் வைத்துச் சந்தனம் குங்குமம் பூசித் தினப்படி பூசை நடத்தினார்கள்.

கடல் ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை இறங்கியது. முதல் பத்து நாள் யாரும் கவனிக்கவில்லை, ஒரு மாதத்தில் துறைமுகப் படிக்கட்டின் யாரும் பார்த்திராத படிகள் சிப்பி ஒட்டியபடி வெளியே வந்தன, இரண்டு மாதத்தில் கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்காத தூரத்துக்கு அலை போய்விட்டது. வேறு ஊராக இருந்தால் பயந்திருப்பார்கள். எங்கள் ஊரில், மகாராஜாவுக்கு மரியாதை செய்யக் கடலரசன் பின்வாங்கி நிற்கிறான் என்று அரண்மனைப் புலவர் நூறு பாட்டுப் பாடினார், புலவருக்குக் காய்ந்த கடலில் மூலைமனை ஒன்று கிடைத்தது, அதோடு ஊருக்கே மூக்கு வியர்த்துவிட்டது. கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், முளை அடித்தார்கள், நண்டு வளையை எல்லைக்கல்லாகக் காட்டி அண்ணன் தம்பி மண்டையை உடைத்துக்கொண்டார்கள், ராஜகடல் வீதி என்று தெரு போட்டார்கள், தளவாய் அதில் இரட்டைக்கட்டு வீடு கட்டினார், கடலில் மனை இல்லாத மாப்பிள்ளைக்குப் பெண் கொடுப்பதில்லை என்று ஆயிற்று. என் முன்னோர் மட்டும் சும்மா இருந்தாரா, அவருக்கும் ஒரு மனை.

மணலைத் தோண்டியபோது கட்டுக்கட்டாக ஓலைகள் வந்தன, ஒவ்வொன்றிலும் கல் கட்டியிருந்தது. மூன்று தலைமுறையாக ஜனங்கள் அரண்மனைக்குக் கொடுத்த மனுக்கள், அரண்மனை அவற்றைக் கடலில் போட்டிருந்தது. வெட்கம் மானம் உள்ளவர்கள் என்றால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பார்கள். எங்கள் ஜனங்கள் ஓலை நல்ல ஓலையாக இருக்கிறதே என்று தங்கள் பாட்டன்மார் எழுதிய மனுக்களைப் பிரித்துப் புது வீட்டுக்குக் கூரை வேய்ந்துகொண்டார்கள். படகைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீர் தேடி நடந்த மீனவர்கள்தான் வாய்விட்டு ஏதோ சொன்னார்கள், உழக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அவர்களுக்கு ஓர் ஆணை போனது.

சிவனணைஞ்சான் தினமும் நொண்டிக்கொண்டே அலை ஓரத்துக்குப் போய் ஒரு குச்சியை நட்டுப் பார்ப்பான். தண்ணீர் இத்தனை போகிறதே, எங்கே போகிறது என்பதுதான் அவனுடைய ஒரே கவலை. வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் சேனாபதி என்று கும்பிட்டார்கள், கடலில் துளை போட்டேன் என்று அவன் சொல்லச் சொல்ல, அடக்கமான மனுஷன் என்று மெச்சினார்கள்.

எட்டாவது மாதம் உலகம்மை வந்தாள். இடுப்பில் ஆறு மாதப் பெண்குழந்தை, தலையில் மூடி கட்டிய ஒரு குடம், இரண்டு நாள் நடந்த கால். வந்தவள் அப்பனுடைய பட்டத்தையும் கழலையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, குடத்தை இறக்கி வைத்தாள். நெடுங்கரிசல் கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்றாள். முதலில் ஊரே கூத்தாடியதாம், பொங்கல் வைத்தார்களாம், குடித்துப் பார்த்தால் உப்பு. உப்புத்தண்ணீர் நாளுக்கு நாள் ஏறி வாய்வரை வந்து, வழிந்து, கரிசலில் பரவி, கம்பும் பருத்தியும் நின்ற நிலையில் வெள்ளை பூத்துக் கருகிவிட்டன, மாடுகள் நக்கி நக்கிச் செத்தன, அரைக்காதத்துக்கு அப்பால் இருந்த சேற்றுக்குட்டையும் உப்பாகிவிட்டது, அவளுக்குப் பால் வற்றிவிட்டது. குடத்தின் மூடியை அவிழ்த்தாள். உள்ளே ஒரு சாளை மீன் நீந்திக்கொண்டிருந்தது.

“யப்பா, பிள்ளைக்குக் குடுக்கத் தண்ணி இல்ல. ஆடி மாசத்துக்குள்ள நிக்கலன்னா ஊரக் காலி பண்ணணும்ங்காக. எங்க போவோம்?”

அவன் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தான். கடல்தான். அதில் கீல் வாசனை அடித்தது, கொம்பையா ஆசாரி பீப்பாய்க்குப் பூசிய அதே கீல். எந்தக் கிணற்றுக்காக அந்தப் பீப்பாய்க்குள் ஏறினானோ அந்தக் கிணற்றைத் தன் கையாலேயே நாசமாக்கியிருக்கிறான் என்று தெரிந்ததும் பேத்தியின் உலர்ந்த உதட்டைப் பார்த்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து தளவாய் வீட்டுக்குப் போனான்.

பீப்பாயைக் கொடுங்கள், போய்த் துளையை அடைத்துவிட்டு வருகிறேன் என்று கேட்டான். தளவாய் ராஜகடல் வீதி வீட்டின் முன்கட்டில், ஈரம் காயாத சுவரில் சாய்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர்கூட இல்லை, கெட்டவனுக்குக் கொஞ்சமாவது யோசனை வேண்டும். துளை கப்பலில் இருக்கிறது என்று பட்டயம் சொல்கிறது, கடலில் துளை என்றால் பட்டயம் பொய், பட்டயம் பொய் என்றால் மகாராஜா பொய், ஆகையால் கடலில் துளை இல்லை என்று விரல் விட்டு விளக்கினார். நெடுங்கரிசல் தவிக்கிறதே என்றான் இவன்.

“ஏலே, அது நம்ம எல்லைக்கு வெளிய இருக்க ஊருல்லா” என்றார் தளவாய், அதோடு பேச்சு முடிந்தது.

அன்றைக்குச் சிவனணைஞ்சான் கொம்பையா ஆசாரியின் பட்டறையில் போய் உட்கார்ந்தான். ஆசாரி இழைப்புளியைக் கீழே வைக்காமலே எல்லாவற்றையும் கேட்டார். உண்மையைச் சொல்லி இந்த ஊரில் ஒரு துரும்பை நகர்த்த முடியாது, விழா என்று சொன்னால் மலையையே தூக்கிக் கொடுப்பார்கள் என்றார். மறுநாள் சிவனணைஞ்சான் அரண்மனைக்குப் போய், வெற்றியின் ஓராண்டு நிறைவுக்கு மகாராஜாவின் திருக்கண் முன்னால் மறுபடி ஒரு தரம் முங்கிக் காட்டச் சித்தமாக இருப்பதாக விண்ணப்பம் செய்தான். அன்று பகலே பந்தக்கால் நட்டுவிட்டார்கள்.

பீப்பாய்க்குப் பழுது பார்க்கிறேன் என்று ஆசாரி அதைப் பட்டறைக்கு எடுத்துப்போய், துரப்பணத்தைக் கழற்றி வீசிவிட்டு, அடிப்பாகத்தைப் பம்பரம்போலச் சரித்து இழைத்தார். ஒரு வருஷத் தண்ணீர் அரித்ததில் அந்தத் துளை இப்போது கிணற்று வாய் அகலம் ஆகியிருக்கும், பீப்பாயே போய் உட்கார்ந்தால்தான் அடைபடும், மேலே இருக்கும் கடல் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அடியில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குக் கதவும் வைத்தார். எல்லாம் செய்து முடித்த பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

“அடைச்சுட்டு நீ எப்படிடே மேல வருவ?”

“மேல எதுக்கு அண்ணாச்சி. தண்ணி எம்மக வீட்டுக்குத்தான் போவுது, நானும் அதுகூடப் போயிருதேன்.”

ஆசாரி அவன் காலைப் பிடித்து இழுத்து, அந்தப் பொன் கழலைச் சுத்தியலால் தட்டி உடைத்துக் கழற்றினார். உலகம்மையை முந்தின வாரமே ஊருக்கு அனுப்பியாயிற்று, கிணற்றடியில் கயிற்றைப் போட்டுவை என்று மட்டும் சொல்லி அனுப்பினான்.

ஓராண்டு விழா அன்று பீப்பாயைப் பல்லக்கில் வைத்துக் காய்ந்த கடல்வழியே மேளதாளத்தோடு கொண்டுபோனார்கள், அலை ஓரம் போய்ச் சேரவே ஒரு நாழிகை ஆயிற்று, மகாராஜாவுக்கு மணலில் மேடை, ஜோசியருக்கு நிழற்குடை. மணல்குடுவையை மாட்டியிருந்தார்கள், முகூர்த்தம் வர இன்னும் நேரம் இருந்தது, மகாராஜா சால்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். சிவனணைஞ்சான் உள்ளே ஏறி மூடியைச் சாத்தினான், முங்கிவிட்டான். வாழ்நாளிலேயே முதல் தடவையாக அவன் கட்டளைக்குக் காத்திருக்கவில்லை. கரையில் எழுந்த கூச்சல் அவன் உயிருக்காக எழவில்லை, முகூர்த்தத்துக்கு முன்னால் போய்விட்டானே என்றுதான் அத்தனை பேரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

ஒன்றேகால் நாழிகை போயிற்று, இரண்டு நாழிகை போயிற்று, அவன் வரவில்லை. நேரம் தவறிய குற்றத்துக்காகப் படையேட்டிலிருந்து அவன் பெயரை அடித்தார்கள், அடித்ததும் என் முன்னோர்தான். பிறகு எல்லோரும் பந்தலுக்குப் போய்ப் பாயசம் சாப்பிட்டார்கள்.

இங்கே பாயசம் சாப்பிட்ட அதே உச்சிவேளையில் நெடுங்கரிசலில் உலகம்மை கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். வாய்வரை நின்ற உப்புத்தண்ணீர் கொப்பளிப்பதுபோலச் சத்தம் போட்டு உள்ளே இறங்கியது, இறங்கி இறங்கி அடிக்கல் தெரிந்தது, அடிக்கல்லின் பக்கவாட்டில் இருந்த பொந்திலிருந்து அவள் அப்பன் கையை ஊன்றி வெளியே வந்து கயிற்றைப் பிடித்து ஏறினான். அந்த ஊர்க்காரர்கள் அதற்கெல்லாம் வாயைப் பிளக்கவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருகிறவர் காலைக் கழுவிவிட்டு வந்தாரா என்று ஒரு கிழவர் கேட்டார், கடல் வழியாகத்தான் வந்தேன் என்றதும் அப்படியானால் சரி என்றார், உலகம்மை தலையைத் துவட்டிவிட்டுச் சாப்பிட உட்கார வைத்தாள். மூன்றாம் நாள் கிணற்றில் மறுபடி தண்ணீர் ஊறியது. பீப்பாயின் ஆயினிப் பலகை உப்பையெல்லாம் மேலே நிறுத்திக்கொண்டு தண்ணீரை மட்டும் சொட்டுச்சொட்டாகக் கீழே விட்டது, இளநீர்போல இருந்தது, லேசாகக் கீல் வாசனை. குழந்தைக்கு முதலில் கொடுத்தார்கள்.

இங்கே கடல் ஏற ஆரம்பித்தது, ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை. அடித்துக்கொண்டு போகிற அவசரம் எதுவும் அதற்கு இல்லை, சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு நடந்து வெளியேற ஒரு வருஷம் கொடுத்தது. யாராவது நகர்ந்தார்களா? நகர்ந்தால் கடலில் துளை இருந்தது என்று ஆகிவிடுமே. கணுக்கால் தண்ணீரில் கோலத்தைப் பலகையில் போட்டு மிதக்கவிட்டார்கள், முழங்கால் தண்ணீரில் கல்யாணம் நடத்தினார்கள், இடுப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு எல்லைத் தகராறு பேசினார்கள், கடலரசன் மகாராஜாவின் பாதம் தொட வந்திருக்கிறான் என்று புலவர் இன்னொரு நூறு பாடினார், பாடும்போது அவர் வாய்க்குள் ஓர் இறால் போய்விட்டது. மேலே அலையில் மீனவர்கள் படகை விட்டுக்கொண்டு இவர்களைக் குனிந்து பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு குளிர்கிறது.

தண்ணீர் தாடையைத் தொட்ட பிறகுதான் தளவாய்க்குப் பயம் வந்தது. நெடுங்கரிசல் கிணறு தித்திக்கிறது, அங்கே கடல்வழி வந்த ஒருவர் இருக்கிறார் என்று உப்பு வண்டிக்காரர்கள் பேசிக்கொண்டது அவர் காதுக்கும் வந்திருந்தது. என் முன்னோரான எழுத்தரைக் கூட்டிக்கொண்டு, செப்புப்பட்டயத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் நடந்து போனார். சிவனணைஞ்சான் கிணற்றடியில் துவரஞ்செடிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான், பக்கத்தில் பேத்தி சேற்றில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவன் அதற்குப் பிறகு முப்பது வருஷம் அங்கேயே வாழ்ந்து, பல் போய், நல்லபடியாகச் செத்தான், ஆனால் அந்த முப்பது வருஷத்திலும் சங்கந்துறையிலிருந்து அவனைத் தேடி ஆள் வந்தது அந்த ஒரு தடவைதான்.

தளவாயின் மீசை உப்பில் வெளுத்திருந்தது. ஏட்டிலிருந்து அடித்த பெயரை மறுபடி எழுதிவிட்டோம் என்றார், பெரிய கழலாகச் செய்யச் சொல்கிறோம் என்றார், மகாராஜா காய்ந்த கடலில் கட்டிய புது அரண்மனையின் உப்பரிகையை விட்டு இறங்க முடியாமல் தவிக்கிறார் என்றார், கடலில் இருக்கும் அந்தத் துளையை மறுபடி ஒரு தரம் திறந்துவிட வேண்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். உலகம்மை குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அப்பனைப் பார்த்தாள், அவனுடைய கட்டளைப் பழக்கம் அவளுக்குத் தெரியும்.

சிவனணைஞ்சான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எழுத்தரிடம் திரும்பினான். அந்தப் பட்டயத்தை ஒரு தரம் வாசியும் என்றான். எழுத்தர் துணியைப் பிரித்து, பறங்கிக் கப்பலின் அடிவயிற்றில் துளையிட்டு என்பதிலிருந்து என்றைக்கும் அடைபடாது என்பது வரை வாசித்தார்.

“கேட்டீகளா எசமான். நான் போட்ட துளை கப்பல்ல இருக்கு. கப்பலத் தேடிப் போங்க.”

அவ்வளவுதான் சொன்னான், சொல்லிவிட்டுப் பாத்திக்கு மடை மாற்றப் போய்விட்டான். தளவாய் வாயைத் திறந்து, எதைச் சொன்னாலும் பட்டயம் பொய் என்றாகிவிடும் என்று கண்டு, மூடிக்கொண்டார். இரண்டு நாள் நடந்து வந்தவர்கள் என்று உலகம்மை ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார்கள். அத்தனை ருசியான தண்ணீரை நான் அதற்கு முன்னாலும் குடித்ததில்லை, பின்னாலும் குடித்ததில்லை என்று எழுத்தர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். தளவாய் சொம்பைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் நக்கிவிட்டு, கூச்சமே இல்லாமல், இன்னொரு சொம்பு கிடைக்குமா என்று கேட்டார்.

அவள் கொடுத்தாள். எங்கள் ஊராக இருந்தால் கொடுத்திருக்க மாட்டோம்.